மாமன் மடிச் சோறு

யார் வாய் அசைந்தாலும் காந்திமதியின் வாயும் அசைந்தது. வெற்றிலை மென்றால் அவளும் மென்றாள். கூழ் குடித்தால் அவளும் தொண்டையை இறக்கி விழுங்கினாள். விழுங்குவதற்கு அந்த வாயில் எச்சிலைத் தவிர ஒன்றும் இல்லை. பார்க்கச் சகிக்காமல் அந்த வீட்டில் எல்லோரும் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

ஆவணியில் பிறந்த பிள்ளை. இப்போது பங்குனி. திண்டிவனத்திலிருந்து வல்லத்துக்குப் போகிற சாலையில், புளியமரங்கள் முடிந்து பனைகள் ஆரம்பிக்கிற இடத்தில் உள்ளே இறங்கினால் அந்த ஊர். ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி இறவையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, மேட்டில் கேப்பை, பள்ளத்தில் கொஞ்சம் நெல். அவ்வளவுதான் கண்ணையனின் குடித்தனம். வீட்டில் அவன், பெண்டாட்டி கிருஷ்ணவேணி, அவனுடைய அக்காள் வெள்ளையம்மாள். வெள்ளையம்மாள் வளவனூரில் வாக்கப்பட்டு, தாலியறுத்து, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். அடுப்பும் அம்மியும் அவள் கையில். காடும் கழனியும் வேணியின் தலையில்.

வேணிக்குப் பால் இல்லாமல் இல்லை. ஆனால் விடிந்ததும் காட்டுக்குப் போனால் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வீடு. அதற்குள் மாரில் பால் கட்டிக் கல்லாகும். ரவிக்கை நனையும். நனைந்தது காய்ந்து மொடமொடக்கும். வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டால் அதுவரை கொட்டிக்கொண்டிருந்த பால் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். முன்பெல்லாம் குடித்துவிட்டுக் கைகால் தளர்ந்து தூங்குகிற பிள்ளை, மாசிக்குப் பிறகு இரண்டு பக்கமும் வற்றக் குடித்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது. அழுதால்கூடத் தேவலை. அது அழாமல் பார்த்தது. ராத்திரியானால் அந்தப் பார்வைக்கும் சேர்த்து அழுதது.

வேணி நன்றாகத் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. தூக்கம் அவளை விட்டுப் போய்விடவில்லை, கூடவே நடந்தது. வரப்பில் நடக்கும்போது தூங்கினாள். செடி பிடுங்கும்போது தூங்கினாள். கனவுக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த வேலியை மாடு மேய்ந்துவிட்டாற்போல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. செடியைப் பிடுங்கித் தட்டினால் வேரில் தொங்குகிற காய்களெல்லாம் பல் முளைக்காத வாய்களாக அவளைப் பார்த்துத் திறந்தன. மண் அவளுக்குப் பால் வாசனை அடித்தது.

பிள்ளைக்கு வேறு எதுவும் கொடுக்க முடியாது. வேண்டுதல் இருந்தது.

வேணியின் தலைச்சன் பையன். அவனுக்கு ஐந்தாம் மாதத்திலேயே வெள்ளையம்மாள் பழைய சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஆசையாகத்தான் ஊட்டினாள். அது ஐப்பசி. மழை அடித்துக் கிணறு செம்மண்ணாய்க் கலங்கி, ஊரெங்கும் பேதி. பிள்ளை தீபாவளி பார்க்கவில்லை. சோற்றால் போனானா, தண்ணீரால் போனானா என்று யாரும் கேட்கவில்லை. ஊட்டிய கை யாருடையது என்பதை மட்டும் ஊர் மறக்கவில்லை. வெள்ளையம்மாளும் மறக்கவில்லை. வேணி மறுபடி முழுகாமல் இருந்தபோது அவளே மயிலம் மலையேறிப் போய் முருகன் சந்நிதியில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டாள். "இந்தப் புள்ள நல்லபடியா பொழைக்கட்டும். ஒன் சந்நிதியில, தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சி மொதச் சோறு ஊட்டறேன். அதுவரிக்கும் சோத்த அது கண்ணுல காட்டமாட்டேன்."

தைக் கிருத்திகைக்கு என்று வைத்திருந்தார்கள். சந்நிதி இருந்தது, சோறு இருந்தது, மடிதான் இல்லை.

தாய்மாமன் சுப்பராயலு வேணிக்குத் தம்பி. விழுப்புரத்தில் ரயில் ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி ஏற்றுகிற வேலை. பிள்ளை பிறந்த சேதி கேட்டதும் வேலை முடிந்த கையோடு வண்டியேறி, போட்ட சட்டையோடு ஓடி வந்தான். வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணையனுக்கு நாலு பேர் இருந்தால் நாக்கு நிற்காது.

"மச்சான், கரிக் கையோட புள்ளயத் தொடாத. எருமக் கன்னுன்னு எவனாவது ஓட்டிக்கினு போயிடப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். கண்ணையன் மாட்டுத் தொட்டியைக் காட்டி, அங்கே போய்க் கை கழுவிக்கொண்டு வரச் சொன்னான். சுப்பராயலு கழுவவில்லை. கொண்டுவந்த கிலுகிலுப்பையையும் சின்னச் சட்டையையும் வாசற்படியில் வைத்தான்.

"எருமக் கன்னுக்கு மாமன் மடி எதுக்கு மாமா? வேணும்னா நீங்களே விழுப்புரம் வாங்க. வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடுங்க. அன்னிக்கி வர்றேன்."

போனவன்தான்.

தை போயிற்று. மாசி போயிற்று. வெள்ளையம்மாள் தினமும் தம்பியை அரித்தாள். கண்ணையன் ராத்திரிச் சோற்றுக்கு உட்காருகிற நேரம்தான் அவளுக்கு வாகான நேரம். அந்த வீட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் சாயங்காலத்தில் ஒரு சின்னச் சட்டியில் நெல்லுச்சோறு பொங்குவார்கள். ஏற்றம் இறைக்கிற ஆம்பிளை என்று அதற்குக் காரணம். அதே கிணற்றுத் தண்ணீரை மடை மடையாக மாற்றிவிடுகிறவளுக்குக் கூழ் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது.

"உத்திரமும் வரப் போவுதுடா கண்ணையா. போயி ஒரு வார்த்த கூப்புட்டா ஒன் தல கீழ வந்துடுமா?"

"பொண்ணு எடுத்தவன் போயி, பொண்ணு குடுத்தவன் ஊட்டு வாசல்ல நிக்கறதாக்கா? ஊரு காறித் துப்பாது?"

"அவன் ஊட்டு வாசல்ல யாருடா நிக்கச் சொன்னா? ஷெட்டுக்குப் போ. ஷெட்டுக்கு ஏது வாசலு?"

"அதவிடக் கேவலம். கரி அள்ற எடத்துல போயி வெத்தல பாக்கா?"

"புள்ள ஒன் புள்ளதான? பாலு பத்தாம அழுவுதுடா."

"அழுதா இவளக் குடுக்கச் சொல்லு. பொம்மனாட்டிக்கு வேற என்னா வேல?"

தலையில் கொண்டுவந்த செடிக்கட்டை வேணி அப்போதுதான் களத்தில் இறக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். கால் முட்டிவரை மண். அவன் பேச்சு காதில் விழுந்தது. எங்கோ தூரத்து ஊர்க் கூத்தில் யாரோ யாரையோ திட்டுகிற மாதிரி விழுந்தது. மடியை விரித்துப் பிள்ளையை வாங்கினாள். இங்கே இவனுக்கும் விழுப்புரத்தில் அவனுக்கும் வயிறு நிறைந்திருந்தது. அதனால் மானம் பார்க்க முடிந்தது.

வெள்ளையம்மாள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு வேணியின் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இவன் அசையமாட்டான். நீயே போ வேணி. ஒன் தம்பி காலுல விழுந்தாவது இட்டாந்துடு. நான் சொன்னேன்னு சொல்லு. கேட்டா திண்டிவனத்துக்கு டாக்டரப் பாக்கப் போனான்னு சொல்லிக்கறேன்."

மறுநாள் அவள் திண்டிவனத்தில் ரயிலேறினாள். பொம்பளைகள் பெட்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மயிலம் வந்தது. சன்னலில் மலைக்கோயில் கோபுரம் தெரிந்தது. கும்பிடக் கை எடுப்பதற்குள் பனைகள் வந்து மறைத்துவிட்டன. பேரணி, விக்கிரவாண்டி. வண்டியின் ஆட்டம் தூளியின் ஆட்டம் மாதிரி இருந்தது. ஆட்டுகிறவள் யார், தூளியில் கிடக்கிறவள் யார் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. யாரோ தன்னைத் தூக்கிப் பால் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். விழித்துப் பார்த்தபோது பிள்ளை சன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கெல்லாம் கரி. எதிரில் ஒருத்தி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிள்ளையின் வாய் அசைய ஆரம்பித்தது. வேணி முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். முந்தானைக்குள்ளும் அந்த வாய் அசைந்துகொண்டிருப்பது கையில் தெரிந்தது.

ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். யாரோ போய்ச் சொல்லிச் சுப்பராயலு வந்தான். அக்காளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தவன், பாதியில் நின்று, திரும்பிப் போய்க் குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துவிட்டு வந்தான். நகக்கண்ணில் கறுப்பு அப்படியேதான் இருந்தது.

"குடுக்கா இப்பிடி." வாங்கியவன் கையைத் தாழ்த்தித் தூக்கிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "என்னாக்கா, எம்மாம் லேசா கீறா! புள்ளயா, பஞ்சு மூட்டையா?"

"சோறு ஊட்டலடா இன்னும்."

"இன்னுமா? எட்டு மாசப் புள்ளைக்கா?"

"ஒம் மடி இல்லாம எப்பிடிடா ஊட்டறது? வேண்டுதலு ஒனக்குத் தெரியாதா?"

சுப்பராயலு பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டது.

"நான் வரமாட்டேன்னு சொல்லலியேக்கா. மாமா வந்து கூப்புடட்டும். 'வா மச்சான்'னு ஒரு வார்த்த. அவ்ளோதான். வெத்தலகூட வாணாம்."

"அவுரு வரமாட்டாரு."

"ஏன் வரமாட்டாரு? கால்ல முள்ளா?"

"வெள்ளையம்மா அண்ணி ஒன்ன காலுல விழுந்து கூப்புடச் சொன்னாங்க. விழட்டுமா?"

"தே, சும்மாயிருக்கா. நடு ரோட்டுல." பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றினான். "ஒனக்குத் தெரியாது. இங்க ஷெட்டுல எல்லாவனும் கேட்டான், அக்கா புள்ளயப் பாத்தியாடா, எப்பிடிடா இருந்திச்சின்னு. நான் என்னா சொல்றது? தொடவே வுடலன்னா?"

"அதுக்கு எம்புள்ள என்னாடா பண்ணிச்சி?"

"அது ஒண்ணும் பண்ணல."

"ஒன் எஞ்சினு கரி போடாட்டி நவுருமாடா? இது மட்டும் வெறும் வவுத்துல வளரணுமா? நீயும் அவுரும் ஆளுக்கு ஒரு வார்த்தைய வாயில வெச்சிக்கினு அடகாக்கறீங்க. நடுவுல காயறது யாரு?"

உள்ளே சங்கு ஊதியது. சுப்பராயலு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சொன்னான்.

"மாமாவ வரச் சொல்லுக்கா."

திரும்பி வரும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

உத்திரம் வந்தது. காவடிகள் சாலையோடு போயின. இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. மல்லாட்டை அறுவடை உச்சத்தில் இருந்தது. செடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் களத்து மேட்டில் மலையாகக் குவித்து, கூலிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். ஆய்கிற காய்க்குக் கூலி காயாகவே அளக்கப்படும். அதனால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. பூமாலை என்கிறவள் தன் பிள்ளையையும் கொண்டு வந்திருந்தாள். காந்திமதியைவிட ரொம்பப் பெரியது இல்லை. அதைப் பனை நிழலில் சாக்கின்மேல் உட்காரவைத்து, ஒரு கொட்டாங்கச்சியில் கூழை ஊற்றி முன்னால் வைத்துவிட்டாள். அது கையை விட்டுக் கலக்கி, வாயிலும் மூக்கிலும் மார்பிலும் பூசிக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை.

வெள்ளையம்மாள் தலையில் கூழ்ப் பானையும் இடுப்பில் காந்திமதியுமாக வந்து சேர்ந்தாள். வேணி பிள்ளையை வாங்கிக்கொண்டு இன்னொரு பனையடிக்குப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பூமாலை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்னா யம்மா, பானை கனமா கீது? இன்னிக்கி நெல்லுச்சோறா?"

"ஆமாண்டி, ஒனக்குச் சோறு, கறி, வட பாயாசம்."

"பாயாசம் வாணாம்மா. பல்லு வலி."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையம்மாள் பானையை இறக்கினாள்.

"சோறு எங்கடி கீது இந்த ஊட்டுல? நாங்க ரெண்டு பொம்மனாட்டியும் சோறு துன்னது பொங்கலோட சரி. அவனுக்கு ஒருத்தனுக்குத்தான் ராவுல பொங்கறது. எங்களுக்கு எந்நாளும் கூழுதான். அதுவும் சோறாட்டம் சொல்ல முடியுமா? வாயில வெச்சா உள்ள போனதே தெரியாது."

"அதென்னமோ நெசம்தாம்மா. கூழு எந்தக் காலத்துல சோறாச்சி."

வேணிக்குக் கண் செருகியிருந்தது. பிள்ளை இழுத்தது, பால் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பனையோலைகள் மேலே சரசரத்தன. பேச்சு அவள்மேல் மிதந்து போயிற்று. சோறு என்ற சொல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் வந்தது. கூழ் என்ற சொல் செம்பழுப்புச் சேலையில், தலையில் சும்மாட்டோடு வந்தது. இரண்டும் எதிரெதிரே வந்தன. ஒன்றை ஒன்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்து போயின. சோறு மயிலம் மலைப்படியில் ஏறிற்று. வாசலில் பூசாரி வழிவிட்டான். கூழ் நேரே வந்து வேணியின் பக்கத்தில், பனையடியில் காலை நீட்டி உட்கார்ந்தது. என்னை எந்தச் சாமி தடுத்தது, என்று கேட்டது.

வேணி கண்ணைத் திறந்தாள்.

களத்தில் கையும் வாயும் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளையம்மாள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை. வேணி மட்டும் மாதக்கணக்கில் முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தாள்.

பிறந்ததிலிருந்து அவள் கூழைச் சோறு என்று சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, எங்கே சாப்பிட்டேன், கூழ்தான் குடித்தேன் என்றுதான் பதில். சாமிக்கும் சோறு என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வேண்டுதல் என்று வந்ததும், தாங்கள் தினமும் குடித்து உயிர் வாழ்கிறதைத் தாங்களே ஒரு சாப்பாடாக நினைக்கவில்லை. சோறு கிடையாது என்றால் ஒன்றுமே கிடையாது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் குதிருக்குள் கையை விட்டு நல்ல கேப்பையாக அள்ளிப் புடைத்து, கல் பொறுக்கி, அரித்து ஊறப்போட்டாள். காலையில் கண்ணையன் ஏற்றத்துக்குக் கிளம்பினான். "நீ வரல?" என்றான். "இன்னிக்கி வரல" என்றாள். ஏன் என்று கேட்கத் திரும்பினவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மியைக் கழுவி, ஊறினதை வைத்து அரைத்தாள். பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசி எடுத்து, அரைத்ததை அதில் கட்டிப் பிழிந்தாள். பால் இறங்கியது. கல்லும் இல்லாமல் தவிடும் இல்லாமல், மழை முதலில் விழுந்த மண்ணின் நிறத்தில் ஒரு பால். கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, சின்னச் சட்டியில் ஊற்றிச் சன்னமான தீயில் கிண்டினாள். கண்ணையனுக்குச் சோறு பொங்குகிற சட்டி அது. வேறு சுத்தமான சட்டி அந்த வீட்டில் இல்லை.

வாசனை பிடித்து வெள்ளையம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாடி அது?"

"கூழு அண்ணி. பாப்பாவுக்கு."

வெள்ளையம்மாள் பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த அகப்பையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கென்னா பைத்தியமாடி? வேண்டுதலு கீது. சாமி குத்தம்டி. எங்கையால ஒண்ணு போனது பத்தாதா? இன்னொண்ணும் போச்சின்னு ஊரு சொல்லணுமா?"

"ஒங்க கையால இல்ல அண்ணி. எங்கையால. போனா என்னச் சொல்லட்டும்."

"வேணி, வாணாண்டி."

"சாமிக்கிட்ட என்னான்னு வேண்டிக்கினீங்க? சொல்லுங்க."

"மாமன் மடியில..."

"மடியில?"

"மொதச் சோறு."

"இது சோறா?"

அடுப்பில் சட்டி பொக்கென்று ஒரு குமிழ் விட்டது. வெள்ளையம்மாள் சட்டியைப் பார்த்தாள்.

"நேத்து களத்துல பூமாலகிட்ட என்னா சொன்னீங்க? இந்த ஊட்டுல சோறு எங்க கீதுன்னு நீங்கதான சொன்னீங்க? கூழச் சோறாட்டம் சொல்ல முடியுமான்னு கேட்டது யாரு?"

"அது நான் வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டு இல்ல அண்ணி. நெசம். நம்ம ரெண்டு பேரும் சோறு துன்னு எத்தினி நாளாவுது? நம்ம வவுத்துல கெடக்கறது சோறுன்னா சொல்லுங்க, இப்பவே எறக்கி மாட்டுக்கு ஊத்திடறேன்."

அகப்பையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வெள்ளையம்மாள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் வேணி நினைத்தாள். அழவும் செய்தாள், அதற்குள்ளேயே சிரிப்பும் வந்தது.

"வக்கீலாட்டம் பேசறியேடி பாவி. திண்டிவனம் கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்டுக்கினு நிக்க வேண்டியவ, எங்க தம்பிகிட்ட வந்து மாட்டிக்கின." மூக்கைச் சிந்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தண்ணி? கெணத்துத் தண்ணியா?"

"நல்லா கொதிக்க வெச்சி ஆற வெச்சது."

"எங்க காட்டு." அகப்பையைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். "இவ்ளோ கெட்டியா ஊட்டுவியா? விக்கிக்கும். இன்னும் தண்ணியா கரை. வெல்லம் கொஞ்சூண்டு போடு. ஜல்தி ஜல்தியா ஊட்டாத, விரல்ல தொட்டு நாக்குல தடவு. மொத நாளு மூணு விரலு போதும்."

சொன்னாளே தவிர பிள்ளையின் பக்கத்தில் வரவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திக்கொண்டு தள்ளியே இருந்தாள்.

வேணி கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்தாள். விரலைத் தொட்டு உதட்டில் வைத்தாள். காந்திமதி நாக்கை நீட்டினாள். கூழ் வெளியே வந்தது. முகத்தைச் சுளித்தாள், உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தாள், புருவத்தை உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள். எத்தனையோ நாள் எச்சிலை மென்று பழகியவளுக்கு, வாயில் நிஜமாக ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேணி தாடையில் வழிந்ததை வழித்து மறுபடி வைத்தாள். இந்தத் தடவை நாக்கு அதைத் தள்ளவில்லை. யோசித்தது. தொண்டை இறங்கியது.

மூன்றாவது விரலுக்கு அவளே இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்டி, இன்னிக்குப் போதும்" என்றாள் வெள்ளையம்மாள். அவள் வாயும் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

கூழ் கண்ட பிள்ளை இனித் தன்னிடம் வராதோ என்று வேணிக்கு உள்ளே ஒரு சின்னப் பயம் இருந்தது. அப்படியில்லை. மடியில் சரித்ததும் பிள்ளை தானாகவே மாரைத் தேடிக்கொண்டது. பசியில் பிடுங்குகிற இழுப்பு இல்லை. விளையாட்டாக, காலால் அம்மாவின் வயிற்றை உதைத்துக்கொண்டு குடித்தது. பால் இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து கண்ணையன் வந்தான். கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளையம்மாள் அவன் முன்னால் ஒரு சட்டி கூழை வைத்தாள். பச்சை மிளகாய், வெங்காயம்.

"சோறு எங்கக்கா?"

"இல்ல."

"ஏன், அரிசி இல்லியா?"

"அரிசி கீது. சட்டி இல்ல. ஒம்புள்ளைக்குக் கூழு காச்சறோம் அதுல."

கண்ணையன் எழுந்துவிட்டான். "புள்ளைக்கு ஊட்டிட்டீங்களா? மாமன் மடி இல்லாமயா? சாமிக்கு வேண்டிக்கினத மறந்துட்டியா? எவ குடுத்த யோசன இது?"

"கத்தாத. சோறு ஊட்டல. கூழுதான் ஊட்டனது. சாமிக்குச் சொன்ன சோறு சொன்னபடி கீது, ஒரு பருக்க கொறையல. இனிமே இந்த ஊட்டுல மொதச் சோறு அவளுக்குத்தான், மயிலத்துல. அவ துன்னதுக்கப்புறம் நீ துன்னு. அதுவரிக்கும் நாங்க குடிக்கறத நீயும் குடி."

"யக்கா, வெளையாடறியா?"

"வேண்டிக்கினவ நானு. எனக்கு வெளையாட்டு என்னா கீது?"

கண்ணையன் வேணியைப் பார்த்தான். அவள் பிள்ளையின் நெற்றியிலிருந்து கூழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கூழை நகர்த்திவிட்டு எழுந்து போய்ப் படுத்தான். விடியற்காலையில் பசி தாங்காமல் எழுந்து அதையே குடித்தான்.

கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டுதான் இருந்தான். மல்லாட்டை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மண்டிக்குப் போன நாளில் ஓட்டலில் சோறு தின்றுவிட்டு வந்தான். தினம் மண்டிக்குப் போக முடியாது. ஊரில் யாராவது "என்னா கண்ணையா, எளைச்சிக்கினே வர்ற?" என்று கேட்டால் "வெயிலு" என்றான். வீட்டில் அவனோடு யாரும் சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குப் பேஜாராக இருந்தது. காந்திமதி மட்டும் விரலிலிருந்து, பால் புகட்டுகிற பாலாடைக்கு முன்னேறியிருந்தாள். கூழோடு கொஞ்சம் கீரைத் தண்ணீர், ஒரு நாள் பிசைந்த வாழைப்பழம். எது சோறு, எது சோறில்லை என்று வெள்ளையம்மாளும் வேணியும் தினமும் ஒரு தடவை வாதாடித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் நூல் கட்டினாற்போல் ஒரு மடிப்பு விழ ஆரம்பித்தது.

சித்திரை பிறந்தது. காய் ஆய்ந்து முடிந்து களம் காலியாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் கண்ணையன் கூழைக் குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தான். துண்டால் வாயைத் துடைத்தான். பிறகு யாரையும் பார்க்காமல், கூரையிடம் கேட்பதுபோல் கேட்டான்.

"விழுப்புரத்துக்கு வண்டி இப்ப எத்தினி மணிக்கு?"

பதில் வரவில்லை.

"ஒன்னத்தான் கேக்கறேன் வேணி. அன்னிக்கி டாக்டரப் பாக்கறேன்னு எந்த வண்டியில போன?"

எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தான். உள்ளே, சுவரோரமாக வேணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிள்ளை மாரை விட்டுவிட்டு, அவள் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மல்லாந்து தூங்கியது. இரண்டு பேருடைய மூச்சும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடக் கேட்காது என்கிற மாதிரி ஒரு தூக்கம்.

வெள்ளையம்மாள் வாயில் விரலை வைத்தாள்.

"எழுப்பாதடா. ரோட்டுல போயிக் கேளு, சொல்லுவாங்க."

கண்ணையன் கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். வெற்றிலை பாக்கு மடித்த துணியை இடுப்பில் செருகினான். வாசல் படல் எப்போதும் தரையில் இழுபட்டுக் கறகறவென்று சத்தம் போடும். அவன் அதை இரண்டு கையாலும் தூக்கி, சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டு வெயிலில் இறங்கினான்.